கூச்சக்காரனின் வலது விலா

என் அக்கா வேலை பார்க்கும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நூறு அடி நடந்தால் காடு ஆரம்பித்துவிடும். புலிகளுக்குப் பேர்போன காடு. அதைப் பார்க்க மனிதர்கள் விமானம் பிடித்து வருகிறார்கள். இவளோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரை வெளிச்சத்தில் முகம் நீலமாக, பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

பூங்கா அலுவலகத்தில் அவளுக்கு வரியக்கா என்று பேர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வருமான வரிக்காரம்மா என்று நினைத்து முதல் மாதம் கொஞ்சம் தள்ளியே நிற்பதுண்டு. அவள் பார்த்தது புலியின் வரி. எந்த இரண்டு புலிக்கும் வரி ஒன்றுபோல இருக்காது. அது மட்டுமில்லை, ஒரே புலிக்கு இடது விலாவில் ஓடுவது வேறு, வலது விலாவில் ஓடுவது வேறு. ஒரு பக்கத்தைப் பார்த்து மறு பக்கத்தை ஊகிக்க முடியாது. அதனால் காட்டுக்குள் நடைத்தடத்தின் இரண்டு ஓரத்திலும், மரத்தில் முழங்கால் உயரத்தில், ஜோடி ஜோடியாகக் கேமராக்களைக் கட்டியிருக்கிறார்கள். நடுவே எது நடந்தாலும் இரண்டும் ஒரே நொடியில் சொடுக்கும். இடமும் வலமும் சேர்ந்து கிடைத்துவிட்டால் அது முழுப் புலி; எண் போட்டுப் பட்டியலில் ஏற்றுவாள். ஒரு கேமராவுக்குள் எறும்பு புகுந்தோ மழைத்தண்ணீர் இறங்கியோ படம் விழாமல் போனால், அது ஒருபக்கப் புலி. ஒருபக்கப் புலிகளுக்குத் தனித் தாள். அதே பக்கம் மூன்று தடவை தெளிவாக விழுந்தால் மட்டும், போனால் போகிறதென்று ஓர் எண் கிடைக்கும்.

ஆனால் வருகிற படங்களில் புலி குறைவு. மாதம் நாற்பதாயிரம் படம் வந்தால் முப்பத்தைந்தாயிரத்தில் ஒன்றுமே இருக்காது. காற்றில் அசைந்த புல். விழுந்துகொண்டிருக்கும் ஓர் இலை. லென்ஸ் மேல் உட்கார்ந்து முழுக்காட்டையும் மறைத்துவிட்ட ஒரு விட்டில். ஒரு கேமரா ஒரு நாள் பூராவும் மழையை மட்டும் நானூறு படம் எடுத்து அனுப்பியிருந்தது. அந்த நானூறையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சும்மா தாண்டிப் போயிட முடியாதாக்கா?" என்று ஒரு தடவை போனில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லாத படத்துலதான்டா காடே இருக்கு" என்றாள்.

அவளுடன் பேசிக்கொண்டிருந்தால் சில சமயம் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. ஏரித் திருப்பத்தில் காலை ஆறரைக்கு மூடுபனி தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதக்கும் என்பாள். வடக்குத் தடத்தில் ஒரு முள்ளம்பன்றி தினமும் நாலே காலுக்கு ஆபீஸ் போகிறவனைப் போல வரும் என்பாள். சொல்லும்போது குரல் தாழ்ந்து போகும். அங்கேயே ஒரு மரத்துக்குப் பின்னால் நிற்கிறவள் போல. உண்மையில் அவள் காட்டுக்குள் போனதே இல்லை. ஜீப்பில் ஏறினால் வாந்தி வரும் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். எனக்கு ஒரு தடவை வேறு சொன்னாள். "நான் போனா அதுங்க என்னைப் பாக்கும். படத்துல யாரும் யாரையும் பாக்கறதில்ல. அது ஒரு நிம்மதி."

அந்த நிம்மதியான உலகத்தில் அவளுக்கு மிகவும் வேண்டியவன் பதினேழாம் எண். ஒருபக்கப் புலி. பதினோரு வருஷத்துக்கு முன்னால், உலகமெல்லாம் டிஜிட்டலுக்குப் போன பிறகும் இவர்கள் அலுவலகம் மட்டும் பிலிம் சுருளைக் கட்டிக்கொண்டு அழுத காலத்தில், ஏரித் திருப்பத்துக் கேமராவில், ஒரே சுருளில் மூன்று தடவை விழுந்தவன். மூன்றும் வலது விலா. இடது விலாவை அவன் அதற்கப்புறம் காட்டவே இல்லை. எப்போதாவது ஒரு மங்கலான படத்தில் வால் பக்கமோ தோள் பக்கமோ தெரியும். அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு "கூச்சக்காரன்தான்" என்பாள். மூன்று வருஷம் தொடர்ந்து காணாமல் போனால் பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. கூச்சக்காரன் இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தலைகாட்டிவிடுவான். இப்போது பட்டியல்படி அவனுக்குப் பதினாலு வயது. அந்தக் காட்டிலேயே மூத்தவன். சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் கூட்டிப் போகும் சவாரி வழிகாட்டிகள் அவனைப் பற்றிக் கதை கட்ட ஆரம்பித்து, ஏரிக்கரைப் பக்கம் வண்டி திரும்பினாலே அவன் பேர்தான்.

நான் போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மனைவியும் மகளும் வருவதாக இருந்தது. மகளின் பரீட்சைத் தேதி மாறிவிட்டதில் அவர்கள் நின்றுவிட்டார்கள். ஆறு மாதம் முன்பே எடுத்து வைத்த மூன்று சவாரிச் சீட்டுடன் நான் மட்டும் நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறாள். இளைத்துவிட்டாய் என்றோ பெருத்துவிட்டாய் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

"வாடா. கதவைச் சாத்து" என்றாள்.

மேஜை மேல் அடியில் விளக்கு எரியும் ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் பழைய நெகட்டிவ் துண்டு ஒன்று. புதுத் திட்டத்துக்காகப் பழைய சுருள்களை எல்லாம் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தார்களாம்.

"இதுல இந்த வளைஞ்ச மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

குனிந்து பார்த்தேன். "இடது பக்கம்."

துண்டைப் புரட்டி வைத்தாள். "இப்ப?"

"வலது பக்கம். புரட்டினா மாறத்தானேக்கா செய்யும்."

"அந்த மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். அந்தக் கேமராவில இருந்து ஆயிரம் படம் பாத்திருக்கேன். இடது பக்கம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "பதினோரு வருஷத்துக்கு முந்தி இந்தச் சுருளை நான் புரட்டி வெச்சு ஸ்கேன் பண்ணியிருக்கேன். விலாவை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டதால மரம் படத்துலயே வரல. அதான் தெரியல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரட்டி வைத்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி, இடது வலதாகிவிடும். அவள் கூச்சக்காரனின் வலது விலாவைத் திரையில் கொண்டு வந்தாள். ஒரு பொத்தானை அழுத்தி அதைத் திருப்பினாள். பக்கத்தில் இன்னொரு படத்தை வைத்தாள். நாலாம் எண், பெரியம்மா என்று எல்லாரும் சொன்ன கிழட்டுப் பெண்புலியின் இடது விலா. அது செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு படத்திலும் ஒரே வரி. இடுப்புக்கு மேலே கவட்டை மாதிரிப் பிரியும் கோடு, அதன் கீழே தனியாக விழுந்த சின்னப் புள்ளி, எல்லாம் அப்படியே.

"அப்ப கூச்சக்காரன்?"

"அப்படி ஒருத்தன் இல்லடா. பெரியம்மாவைக் கண்ணாடில பாத்துட்டு எண் குடுத்திருக்கேன்."

"ஆண்னு வேற சொன்னியே. யார் சொன்னது அது?"

"நான்தான். தோள் அகலமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள், பிறகு அவளுக்கும் வாயோரம் கொஞ்சம் நெளிந்தது.

"சரி, அப்புறம் வந்த படமெல்லாம்?"

விளக்கை அணைத்தாள். நெகட்டிவ் இருந்த இடம் கறுப்பாகிவிட்டது. "எல்லாம் மங்கல். யாருக்கும் ஒட்டாத படமா வரும். பனி, மழை, பாதி உடம்பு. எடுத்து அவன் பேர்ல போட்டுடுவேன். ரெண்டு வருஷம் தாண்டிப் போச்சுன்னா எனக்கு உள்ளுக்குள்ள பதறும். தேடித் தேடிப் பாப்பேன். ஏதாவது ஒண்ணு கிடைச்சுடும்." நெகட்டிவ் துண்டை உறையில் போட்டுக்கொண்டே, "அவன் செத்துடக் கூடாதுன்னு இருந்திருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அந்த வருஷப் பட்டியல் போக வேண்டும். கடைசித் தாளில் 'சரிபார்த்தேன்' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட வேண்டும். வேறு சமயமாக இருந்தால் ஒரு திருத்தம் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இந்தத் தடவை கம்ப்யூட்டரே வரியைப் படித்துப் புலியைச் சொல்லும் ஏற்பாடு ஒன்று வந்திருந்தது. அது வந்த பிறகு இந்த அறையில் ஓர் ஆள் எதற்கு என்று மேலே கேட்டிருக்கிறார்கள். வாசல் டிக்கெட் ஜன்னலுக்கு ஆள் பற்றவில்லை. அவளுடைய ஆபீசர்தான், "கம்ப்யூட்டர் சொல்றதைச் சரிபாக்க ஒரு கண்ணு வேணும். வரியக்கா கண்ணு இதுவரைக்கும் தப்பினதில்ல. அவங்க இங்கயே இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார். கண் தப்பினதில்லை என்ற அந்த ஒரு வரியில்தான் அவளுடைய நாற்காலி நின்றுகொண்டிருந்தது. யாரும் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பழைய சுருளை ஸ்கேன் செய்து கொடுக்கப் போகிறவளும் அவள்தானே. முன்னால் வைத்த மாதிரியே புரட்டி வைத்துக் கொடுத்தால் கம்ப்யூட்டரும் அவள் பக்கம்தான் பேசும்.

"யாருக்குத் தெரியும் இது?"

"உனக்கு."

அந்தச் சுமையில் பாதி என் தலைக்கு மாறிவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய், மூடி திறந்து, எண்ணைப் படித்துக்கொண்டு வருகிறவர். அக்கா இதைக் கண்டுபிடித்து மூன்று நாளாகியும் அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை; ஆனாலும் மீட்டர் பார்த்துப் பழகியவர்.

"உங்க அக்கா மூணு நாளா ஒரு வேளை ரெண்டு தடவை உப்புப் போடறா, ஒரு வேளை போடவே மாட்டேங்கறா" என்றார் என்னிடம். "சராசரி எடுத்தா சரியாத்தான் வருது. அதனால நான் புகார் பண்ணல."

அக்கா தட்டைப் பார்த்தபடியே, "நாளைக்கு நானும் இவன்கூட வரேன்" என்றாள்.

"எங்க?"

"காட்டுக்கு."

மாமா கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்தார். "நீயா? வாந்தி எடுப்பியே."

"எடுத்தா எடுத்துட்டுப் போறேன்."

"பாவம், புலி."

எதற்கு வருகிறாய் என்று பிறகு தனியாகக் கேட்டேன். அவன் நின்ற இடத்தைப் பார்க்கணும் என்றாள். இல்லாத ஒருவன் நின்ற இடத்தை.

காலை ஐந்தரைக்கு வாசலில் ஜீப் நின்றது. ஏறும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எது நடந்தாலும் பூங்கா பொறுப்பில்லை என்று அதில் ஆறு விதமாக எழுதியிருந்தது. ஆறையும் படித்தேன். சீட் பெல்ட் எங்கே என்று தேடினேன். பின் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் ஏற்கெனவே இருந்தார்கள். கணவர் மடியில் துப்பாக்கி போல நீளமான லென்ஸ். ஓட்டுநர் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டு வந்த வழிகாட்டிக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். ஏன் என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"வரியக்கா வண்டில ஏறிட்டாங்க! இன்னைக்கு மழை கொட்டப் போகுது" என்றான். பிறகு பின் சீட்டைப் பார்த்து, "சார், மேடம், இவங்கதான் நம்ம புலிங்களுக்கெல்லாம் ரேஷன் கார்டு குடுக்கறவங்க" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு வழியைப் பாருடா" என்றாள் அக்கா.

காட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் எல்லாம் ஒரு போர்வைக்குள் போய்விட்டது. வெளிச்சம் இன்னும் எந்தப் பக்கமிருந்து வருவது என்று முடிவு செய்யாத நேரம். மரங்கள் பாதி பனியிலும் பாதி தரையிலும் நின்றன. மான்கள் எங்களைப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறந்துவிட்டு, மறுபடி மேய்ந்தன. அக்கா சீட்டை விட்டுக் கீழே சரிந்து, தலையை ஜீப்பின் கதவு மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாந்தி வருதாக்கா?"

"இல்லடா. மேலே இருந்து பாத்தா எனக்கு ஒண்ணும் புரியல. எல்லாம் எனக்கு முழங்கால் உயரத்துலதான் தெரியும்." கையை வெளியே நீட்டினாள். "இந்தக் கல்லு தெரியுது பாரு, இது மேலதான் கீரி உக்காரும். அந்தப் புத்து போன வருஷம் இவ்வளவு உயரமில்ல. அடுத்தாப்ல ஒரு ஓடை வரும்."

ஓடை வந்தது. அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் வந்தது. தூக்கத்தில் நடக்கிறவள் பின்னாலேயே போகிற மாதிரி ஜீப் போனது. நானும் கொஞ்சம் சரிந்து அந்த உயரத்தில் பார்த்தேன். புல் நுனிகளுக்கு மேலே பனி தனியாக மிதந்தது, ஒரு முழம்.

ஏரித் திருப்பத்தில் ரேடியோ வண்டியை நிறுத்தச் சொன்னான். குரலைத் தாழ்த்தினான். இதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தான்.

"இங்கதான் மேடம், கூச்சக்காரன். வயசு பதினாலு. இந்தக் காட்டுலயே அவனுக்கு மேல யாருமில்ல. அவனும் பெரியம்மாவும் ஜோடி. பெரியம்மா செத்த அன்னைக்கு அவன் இந்தக் கரையில வந்து தண்ணியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். எங்க சித்தப்பா கண்ணால பாத்தது. அப்பறம் அவன் யாருக்கும் முகமே காட்டறதில்ல. ஒரு பக்கம் மட்டும்தான் காட்டுவான். மறு பக்கம் அவளுக்குன்னு வெச்சிருக்கான்."

பின் சீட்டுப் பெண்மணி "ஐயோ பாவம்" என்றாள், மிகவும் மெல்ல. அக்கா எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அந்த வளைந்த மரம் நின்றது. இடது பக்கம் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் புலி வந்தது. வந்தது என்று கூடச் சொல்ல முடியாது. மரத்தடியில் முன்பே இருந்த பழுப்பும் நிழலும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தன. ஜீப்புக்கு முன்னால் இருபது அடியில் பாதையைக் கடந்தது, இடது விலாவைக் காட்டிக்கொண்டு. பாதி வழியில் எதையோ மறந்துவிட்டது போல நின்றது. திரும்பியது. வலது விலாவைக் காட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. கால் வைத்த இடத்தில் ஒரு சருகும் சத்தம் போடவில்லை. என் கையில் போன் இருந்தது, அது பதிவு செய்துகொண்டும் இருந்தது. நான் எப்போது அழுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

லென்ஸ்காரர் தன் கேமராவைப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. மீசை மட்டும்தான் விழுந்திருக்கு" என்றார். அவர் மனைவியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அவன்தானே?" என்று கேட்டாள். "கூச்சக்காரன்தானே அது?"

ரேடியோ அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க கண்ணு தப்பாது. அவன்தானே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"பக்கம் பாக்கணும்" என்றாள் அக்கா. "படத்தை வெச்சுப் பாக்காம சொல்ல முடியாது."

"இவங்க எப்பவும் இப்படித்தான் மேடம். இல்லேன்னு சொன்னாங்களா பாத்தீங்களா? அப்ப அவன்தான்."

திரும்பி வரும்போது அக்கா வாசலுக்குப் பத்தடி முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, "அந்தம்மா அழுதாங்கடா" என்றாள்.

அன்று மதியமும் மறுநாளும் அந்த அறையில் என் வீடியோவை அவள் நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தாள். கை ஆடியதில் முக்கால்வாசி வானமும் ஜீப்பின் கம்பியும்தான் இருந்தன. ஆனால் இடது விலாவுக்கு ஒன்று, வலது விலாவுக்கு ஒன்று, இரண்டு படம் துல்லியமாகத் தேறின. பட்டியலில் இருந்த முப்பத்தெட்டுப் புலிகளோடும் வைத்துப் பார்த்தாள். செத்தவற்றோடும் வைத்துப் பார்த்தாள். எதனோடும் ஒட்டவில்லை. வெளியிலிருந்து புதிதாக வந்தவன். மூக்கு இன்னும் கறுக்காத இளசு.

"முழுப் புலி" என்றாள். "என் தம்பி எடுத்த படத்துல முழுப் புலி. ஆடி ஆடியே எடுத்துட்டியேடா."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பயந்தவனுக்கு வழி தெரிந்தால் வேகமாகத்தான் தெரியும்.

"அக்கா, இவனுக்கு அந்தப் பதினேழைக் குடுத்துடேன். ஒருபக்கப் புலிக்கு மறு பக்கமும் கிடைச்சிடுச்சுன்னு எழுது. பழைய வலது விலா மங்கல், இப்பதான் தெளிவா கிடைச்சுதுன்னு மாத்திடு. எண்ணிக்கை குறையாது. கூச்சக்காரனும் இருப்பான். நீயும் இங்கயே இருப்ப. ரேடியோவும் சந்தோஷமா இருப்பான். யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். மறுக்கவில்லை. திரையில் இரண்டு விலாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு தடவை விசைப்பலகை மேல் போய், ஒன்றையும் ஏழையும் அழுத்தியது.

"இவனுக்கு மிஞ்சிப் போனா மூணு வயசு" என்றாள்.

"அதுக்கு?"

"பதினேழுன்னு போட்டா பட்டியல்ல இவனுக்குப் பதினாலு. அடுத்த வருஷம் பதினஞ்சு. கிழடுன்னு எழுதிடுவாங்க. மூணு நாலு மாசம் கேமராவில வரலேன்னா, வயசாயிடுச்சு, செத்திருக்கும்னு தேடாம விட்டுடுவாங்க. இப்பதான் வந்திருக்கான், எடம் பிடிக்கணும், சண்டை போடணும். மூணு வயசுப் பையன் தலையில நான் பண்ணின பதினோரு வருஷத்தை ஏத்தச் சொல்றியா?"

ஒன்றையும் ஏழையும் அழித்தாள். இதுவரை கொடுத்த எண்களில் கடைசி அறுபத்தொன்று. அறுபத்திரண்டு என்று அழுத்தினாள். வயது, மூன்று. இடம், ஏரித் திருப்பம். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். பதினேழாம் எண் என்று ஒரு புலி இல்லை என்று தொடங்கியது அது. எழுத்து ஒரே சீராக, அவசரமில்லாமல் போனது. நான் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாளை ஆபீசரிடம் கொடுத்தபோது நானும் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "மொத்தம் அதே முப்பத்தெட்டுதானேம்மா வருது. ஒண்ணு போய் ஒண்ணு வந்திருக்கு. இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் சார்."

"பதினோரு வருஷத்து அறிக்கையையும் திருத்தணும். மேல கேப்பாங்க. உங்களுக்காக நான் எழுதிக் குடுத்தது வேற இருக்கு."

"தெரியும் சார்."

"சரி" என்றார் அவர், கோபமாக இல்லை, சலித்துப்போன குரலில். "கையெழுத்துப் போடுங்க." பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவளை டிக்கெட் ஜன்னலுக்கு மாற்றினார்கள். அறையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது. மங்கலான படம் வந்தால் 'அடையாளம் இல்லை' என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறதாம். மாமாவுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "இப்ப உப்பு சரியா இருக்கு, அதனால நானும் மேல கேக்கல" என்றார் அவர் என்னிடம்.

முதல் இரண்டு வாரம் அக்கா போனில் அதிகம் பேசவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றாள். ஆட்கள் நேராக முகத்தைப் பார்த்துப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது என்றாள். நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஆறுதல் சொல்லப் போய், பாதியில் நிறுத்தினேன். மூன்றாவது வாரம் அவளே அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது. எங்கேயோ ஒரு மரத்துக்குப் பின்னால் நிற்கிறவள் போல, பழையபடி.

"ரேடியோகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன்டா. நேருக்கு நேரா. அப்படி ஒரு புலியே இல்ல, நான் பண்ணின தப்புன்னு."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான். 'பாத்தீங்களாக்கா, பட்டியல்ல இருந்தே ஒளிஞ்சுக்கிட்டான். அவ்வளவு கூச்சம்'ங்கறான். இப்ப அதையும் சேத்துக் கதை சொல்றான். தினம் பத்துப் பேர் ஜன்னல்ல வந்து கூச்சக்காரனைப் பாக்க முடியுமான்னு கேக்கறாங்க. அப்படி ஒண்ணு இல்லங்கன்னு சொல்லித்தான் டிக்கெட் குடுக்கறேன். வாங்கிட்டுத்தான் போறாங்க."

"அப்புறம்?"

"இன்னைக்குக் காலைல ஒரு பெரியவர், திரும்பி வரும்போது ஜன்னல்ல நின்னார். 'இல்லேன்னீங்களேம்மா, பாத்துட்டு வரேன்'ன்னார். ஏரித் திருப்பத்துல, பனிக்குள்ள, ரெண்டே நொடியாம்." பின்னால் டிக்கெட் கேட்டு யாரோ கண்ணாடியைத் தட்டுவது கேட்டது. "பொய்னு சொல்லத்தான்டா வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள வேற கேட்டுட்டேன்."

"என்ன கேட்டே?"

"எந்தப் பக்கம் பாத்தீங்கன்னு."